கட்பர்ட் சொல்லாத குட் மார்னிங்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் காத்திருந்த அறைக்குள் கட்பர்ட் நுழைந்தான். குட் மார்னிங் சொல்லவில்லை. அண்ணன் அல்பனை ஒருமுறை பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கிரெனடாத் தீவில் திருடன்கூட குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவான். வருகிறவர் முதலில் சொல்ல வேண்டும், இருக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். அறை மொத்தமும் அல்பனைத் திரும்பிப் பார்த்தது.

"என் வீட்டுக் கோழிகூட உள்ள வந்தா ஒரு குரல் குடுக்கும்," என்றாள் ரொட்டி விற்கும் இர்மா. "உங்க வளர்ப்பா அல்பன் இது?"

அல்பனுக்கு மானம் போயிற்று. அம்மா போனபின் தம்பிக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

சனிக்கிழமை சந்தை பஸ்ஸில் முன்னாடியே ஏறி உட்கார்ந்தார். தம்பி ஏறினால் சொல்லித்தானே ஆகவேண்டும்? கட்பர்ட் ஜன்னலில் அண்ணனைப் பார்த்தான். ஜாதிக்காய் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"உங்க மேல அவ்வளவு கோவமா?" என்றார் டிரைவர்.

"திமிருப்பா, திமிர்!"

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசலை ஒட்டிய பெஞ்சில் காவல் இருந்தார். கட்பர்ட் பூசை முடியும்வரை வெளியே மழையில் நின்றான். ஊர் அண்ணன் கட்சி, தம்பி கட்சி என்று பிரிந்தது.

அல்பன் இர்மாவைத் தூது அனுப்பினார். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடாதுன்னு சொல்லு."

இர்மா உப்பு காரம் சேர்த்ததில், அது "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று போய்ச் சேர்ந்தது. அதன்பின் கட்பர்ட் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை.

அல்பனுக்குக் காலையில் கோகோகூடத் தொண்டையில் இறங்கவில்லை. இருப்பது ஒரே தம்பி. பெரியவன் என்ற வீறாப்பை விட்டுவிட்டு மலையேறி அவன் வீட்டுக்குப் போனார்.

"குட் மார்னிங், கட்பர்ட்."

கட்பர்ட் எழுந்து நின்றான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதில் இல்லை.

"வீடு தேடி வந்து சொல்றேன், அதுக்கும் பதில் இல்லையாடா?" அல்பனின் குரல் உடைந்தது. "நான் உனக்கு என்னடா குறை வச்சேன்?"

அடுப்படியிலிருந்து கட்பர்ட்டின் மனைவி வெர்னா ஓடிவந்தாள்.

"திட்டாதீங்க அத்தான்! தொண்டையில வந்த கட்டி இவரு குரலையே தின்னுடுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னுதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியறாரு."