பத்து மணி நண்டு

மரியாதைக்குரிய வீரராகவன் மாமாவுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து பூமிகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். ஊத்துக்கோட்டையில் நீங்களும் அத்தையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்ல முடியாத விஷயம். ஒற்றை அறை வீட்டில் அம்மா என் காதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

இரும்பு ஆலையில் உலை வெடித்து அப்பா செத்த பதினாறாம் நாள், அப்பா ஆவி அண்டாமலிருக்க நீங்கள் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் மந்திரித்து வந்து என் இடுப்பில் ஒரு இரும்புத் தகடு கட்டினீர்களே, அதுதான் பிரச்சினை. நான் பெருக்கித் துடைக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் பழவேற்காட்டு நண்டின் நரம்பை எடுத்து, உப்புத் தண்ணீரில் சாகாமல் வைத்து, கடுகளவு வைரத்தின் மேல் படுக்க வைக்கிறார்கள். வைரத்தில் பச்சை வெளிச்சம் அடித்தால் சிவப்பாக மின்னும். பக்கத்தில் காந்தமோ இரும்போ துளி அசைந்தாலும் மினுக்கம் மாறி, திரையில் கோடு குதிக்கும். நரம்பு துடிப்பதை அப்படிக் கேட்கிறார்களாம். அதனால் உள்ளே இரும்பு கூடாது.

முதல் நாளே அங்கே வேலை பார்க்கிற ஏஞ்சலின் அக்கா, "கொலுசு, ஊக்கு, பின்னு எல்லாம் கழட்டிட்டியா? வேற எங்கனா இரும்பு கீதா?" என்று கேட்டார். பக்கத்தில் அங்கே ஆராய்ச்சி பண்ணுகிற விமல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். இடுப்பு என்று எப்படிச் சொல்வேன்? இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

மூன்று மாதமாகப் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் கோடு குதிக்கிறது. ஆராய்ச்சியை நடத்துகிற நர்மதா மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "செத்த நண்டு கரெக்டா டூட்டிக்கு வருது! விமலே பத்தரைக்குத்தான் வர்றான்" என்கிறார். நரம்புக்குள் கடிகாரம் இருக்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டார். அதைப் பார்க்க வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் துடைப்பத்தோடு போவது நான்தான் மாமா.

கழற்றலாம் என்றால் அம்மா விடுவதில்லை. "அவருக்கு உன் மேலதான் உசுரு. வந்தா உன்னத்தான் இட்டுக்கினு போவாரு" என்கிறார். இருபது வருடம் இரும்போடு புரண்ட மனுஷன், இந்தத் தகட்டுக்கா பயப்படுவார்? கட்டிய நீங்களே வந்து அவிழ்த்தால் அம்மா கேட்பார். வியாழனுக்குள் வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பவானி அம்மன் உங்கள் வீட்டையாவது பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பூமிகா

பி.கு.: வர வேண்டாம் மாமா. கடிதம் பையிலேயே கிடந்துவிட்டது. திங்கட்கிழமை நானே அறுத்து, மேடத்திடம் கொடுத்துச் சொல்லிவிட்டேன். வைரம் இருக்கிற பெட்டியருகே அதைக் கொண்டுபோனார், கோடு குதித்தது. "மூணு மாசமா உன் இடுப்பையாடி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தோம்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதார். வேலை போகவில்லை, இனி வாசல் மட்டும்தான் பெருக்க வேண்டும். தகடு அளவுக்கு அட்டை வெட்டிக் கட்டியிருக்கிறேன். அம்மா என் புடவை மேலே தொட்டுப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார். அப்பா இறங்குகிற ஆறு மணி ஷிப்ட் பஸ் வரும்போது கதவைத் திறந்து வைக்கிறேன். இன்றோடு ஐந்து நாள். வரவில்லை.