அக்காவுக்காகக் கை நனைத்த கதை

என் அக்காவின் கல்யாணத்தை நான் கிட்டத்தட்டச் சாப்பிட்டே தீர்த்திருப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மாதாகோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டியது. பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் டவுனில் நாலு பேர் கொண்ட குடும்பம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் மாஸ்டர். சோறு போட அம்மா ஒரு கரண்டி வைத்திருந்தார். மற்ற வீடுகளில் அந்த அளவுக் கரண்டியை ஊறுகாய்ச் சாடியில்தான் பார்த்திருக்கிறேன் (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). அதில் நாலு கரண்டி. பிறகு "போதுமா?" என்பார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது எனக்கும் அக்காவுக்கும் பால்பல் விழுவதற்கு முன்பே தெரியும். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடியும் இல்லை, திட்டும் இல்லை. அம்மா அந்தப் பருக்கையைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். அதற்கு இரண்டு அடியே தேவலாம். ஆனால் யாரும் பசியோடு எழுந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வயிறுகள் அந்தக் கரண்டிக்குத் தோதாக வளர்ந்திருந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டெல்லா அக்காவுக்கு சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் சேவியர். கிணறும் தோட்டமும் உள்ள வீடு, எங்களைப் போலவே வேதக்காரர்கள். அவர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு மூன்று நாட்கள் அக்கா கூட்டின வீட்டையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கடைசி நேரத்தில் தட்டிப் போயிருந்ததால், பிடித்திருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்ல அவளுக்குப் பயம்.

மிச்சம் இருந்தது கை நனைப்பதுதான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று பொருள். அப்புறம் கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது பூசையில் கல்யாணத்தை அறிவிக்கச் சொல்லிவிடலாம். அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் அப்பாவும், காலேஜில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நானும் கிளம்பினோம்.

அக்கா வாசலில் என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"ஏலே, அங்க போயி காலேஜ் பெருமையெல்லாம் அளக்காத. போட்டதத் தின்னு. எதையாச்சும் மிச்சம் வச்ச, பிடிக்காமத்தான் வச்சுட்டாகன்னு நெனச்சுக்குவாக. எம் பொழப்பே உன் இலையில இருக்கு, பாத்துக்க."

அவள் கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு தம்பிக்கு இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் தர முடியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே நல்ல வரவேற்பு. நடுக்கூடத்தில் தலைவாழை இலைகள் போட்டிருந்தார்கள். செபம் சொல்லி முடித்ததும் அப்பா, "எனக்குச் சுகருங்க, கொஞ்சமாப் போடுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா சவரியம்மாள் அத்தை உண்மையாகவே துக்கப்பட்டார்.

"அடப் பாவமே! அதனால என்ன வாத்தியாரய்யா, உங்களுக்கும் சேத்துத் தம்பி சாப்பிடட்டும்."

அத்தை கரண்டியைத் தேடவே இல்லை. சோற்றுக் குண்டானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு தட்டால் வாரி என் இலையில் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா சோற்றுக்குப் பின்னால் மறைந்தே போனார். அதன் மேல் நாட்டுக்கோழிக் குழம்பு, ஓரத்தில் இரண்டு முட்டை, வெஞ்சனம் மூன்று வகை. ஒரு வாரத்துக்கான சோற்றை மொத்தமாகப் பார்த்த எனக்கு லேசாகத் தலை சுற்றியது. அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ருசியைக் குறை சொல்ல முடியாது. கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெற்றி வீரனாக இலையை மடக்கக் கை வைத்தேன்.

கைக்கும் இலைக்கும் நடுவில் அடுத்த தட்டுச் சோறு வந்து விழுந்தது.

"போதும் அத்தே."

"டவுன்ல அப்பிடித்தான் மரியாதைக்குச் சொல்வாக. கூச்சப்படாமச் சாப்பிடுங்க ராசா."

அந்த வீட்டு முறை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வயிறு நிறைந்தவர் ஒரு கை சோற்றை இலையில் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். துடைத்த இலையென்றால் விருந்தாளிக்கு இன்னும் பசி, வீட்டுக்காரிக்கு அவமானம். எங்கள் வீட்டு முறைதான் உங்களுக்குத் தெரியுமே. ஆக, நான் மிச்சம் வைக்கக் கூடாது, அவர் இலையைக் காலியாக விடக் கூடாது. இரண்டு பேருமே நல்ல வளர்ப்பு. அதுதான் வினை.

மூன்றாவது தட்டை முடித்தபோது அப்பா என் தொடையைக் கிள்ளினார். சீக்கிரம் சாப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். அதைப் பார்த்து அத்தையும் வேகத்தைக் கூட்டினார். நாலாவது தட்டுக்கு ரசம். இலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், ஜன்னல் வழியாக மாப்பிள்ளை தெரிந்தார். சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, அடுத்த தெருவிலிருந்த பெரியப்பா வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். வீட்டில் சோறு தீர்ந்துவிட்டது! கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வீட்டுச் சோறு வந்தது. அதோடு பெரியப்பா வீட்டுப் பெண்களும் வந்து கதவோரம் நின்றார்கள், பார்க்க.

மோர்ச் சோற்றின் பாதியில் என் பேன்ட் பித்தான் தெறித்து ரசக் கிண்ணத்தில் விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். அந்தக் களேபரத்திலும் இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாய்ந்தேன் (கடமை என்றால் கடமை). சாயங்காலம் அப்பாவும் நானும் ஊர் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா, "அம்மாட்ட மூச்சு விட்டுராத" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் மொபெட் சத்தம். மாப்பிள்ளையே வந்திருந்தார். பின்னால் ஒரு மூட்டை அரிசி, முன்னால் கால் கட்டிய இரண்டு கோழிகள்.

"அம்மா குடுத்துவிட்டாக அத்தே" என்றார் வெள்ளந்தியாக. "தம்பி வளர்ற புள்ள. டவுன்ல எல்லாத்தையும் அளந்து பொழைக்க வேண்டியிருக்கும், வயித்துக்குப் பத்தலன்னா நம்மகிட்டச் சொல்லலாம்ல, நாம என்ன வேத்தாளான்னு வருத்தப்பட்டாக."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எம் புள்ளைய நான் பட்டினி போட்டு வளத்தேன்னு சொல்றீகளா தம்பி? அரிசிக்கு வழியில்லாமயா பொண்ணு குடுக்க வந்தோம்? மூட்டைய எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு இந்த எடம் சரிப்படாது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரன்.

"அம்மா, நான் பசிச்சுத் திங்கலம்மா" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கத்தினேன். "ரெண்டாவது தட்டுலயே வயிறு ரொம்பிருச்சு. மிச்சம் வச்சா அவுகளப் பிடிக்கலன்னு ஆயிரும்னு அக்கா சொல்லுச்சு. அக்காவுக்கு இவுகள ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. அதான் தின்னேன். அவுகளும் போட்டுக்கிட்டே இருந்தாக!"

என் கத்தலில் கோழிகள் இரண்டும் கொக்கரித்தன. சேவியர் காது வரை சிவந்து போய், மூட்டையைத் தூக்குவதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு உங்க வீட்டுல மத்தவுக என்ன சாப்டீக?"

"அது... தோட்டத்துல கொய்யாப்பழம் இருந்துச்சு அத்தே."

"பெரியப்பா வீட்டுல?"

"அவுகளும் கொய்யாப்பழம்தான்."

அம்மாவுக்கு அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. உதடு துடித்தது. சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பி, "கை கழுவிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

தட்டு வைத்து, வழக்கம்போல் எண்ணி நாலு கரண்டி போட்டார். சேவியர் அதை நாலு வாயில் முடித்துவிட்டார். பிறகு ஒரு கை சோறு மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று நினைவு வந்து, வெறும் தட்டைத் திருட்டு முழி முழித்துப் பார்த்தார்.

"போதுமா தம்பி?"

"போதும் அத்தே."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கி, அவர் தட்டில் அப்படியே சாய்த்தாள். அவள் சோறும் என் சோறும் அப்பாவின் சோறும் அதில் இருந்தன. போதுமா என்று கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் செய்யத் துணியாத காரியம் அது. அம்மா அந்தச் சோற்றைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடம் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "ஓலை வாசிக்கச் சொல்லிருங்க."

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நல்லபடியாக நடந்தது. பந்தியில் நான் உட்கார்ந்தபோது என் பின்னால் ஒரு கூட்டமே திரண்டுவிட்டது. பெரியப்பா முன்வரிசையில். நான் சூடு கண்ட பூனை, கொஞ்சமாகச் சாப்பிட்டு, முறைப்படி ஒரு கை சோற்றை மிச்சம் வைத்து எழுந்தேன். தெருவே கலவரமாகிவிட்டது. பொண்ணோட தம்பிக்கு மரியாதையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று சவரியம்மாள் அத்தை கண்ணைக் கசக்க, பெரியப்பா தலைமையில் ஐந்து பேர் என்னைச் சமாதானப்படுத்த வந்தார்கள். கோபமில்லை என்று நிரூபிக்க நான் மறுபடி இலையில் உட்கார வேண்டியதாயிற்று.

அது இன்றுவரை தொடர்கிறது. அந்த ஊரில் யார் வீட்டு விசேஷத்திலாவது இரண்டாம் தடவை நான் சோறு வாங்காவிட்டால், நான் கை கழுவுவதற்குள் அக்காவுக்குப் போன் போய்விடும்: "ஸ்டெல்லா, தம்பிக்கு என்னமோ மன வருத்தம் போல, என்னன்னு கேளு." அக்கா ஒன்றும் கேட்பதில்லை. நேராக வந்து என் இலையில் சோற்றைச் சாய்த்துவிட்டுப் போகிறாள்.