தீப்பெட்டியளவு துணி

"வாங்க வாங்கண்டு சொல்லிட்டேன்" என்று போனை வைத்த பலீலாவின் முகம் வெளுத்திருந்தது.

"யார வரச் சொன்னீங்க?" என்றார் அலவி.

"ஆதிபா மதினிய. பின்னேரம் வாறாவாம். தீப்பெட்டியளவு துணி ஒண்டு கொண்டு வாறாவாம். கல்யாண மோதிரப் பெட்டிக்கு மேல புள்ளைகள்ட பேர் தைக்கணுமாம். தையல் வளையத்துல நிக்காம வழுக்குதாம். நான் எப்படிப் பிடிக்கிறண்டு காட்டட்டாம்."

அலவி கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வெள்ளவத்தையின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கப்பல் கம்பனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த பைத்தியம் அது. கட்டம் போட்ட துணியில் பெருக்கல் குறிகளாக நூலைக் குத்திப் பூவும் குருவியும் வரவழைக்கும் கிராஸ் ஸ்டிச். பள்ளிவாசல் சிநேகிதர்கள் சிரிப்பார்களே என்று, சுவரில் மாட்டியதையெல்லாம் 'பலீலாட கைவேல' என்று சொல்லிவைத்தார். பலீலா முதலில் கூச்சப்பட்டாள். பிறகு பழகிவிட்டாள். அண்மைக் காலமாகப் பக்கத்து வீட்டாருக்கு ஆலோசனை சொல்லவும் தொடங்கியிருந்தாள்.

மகள் நிஹ்லாவுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து சம்பந்தம் கூடியதும் இதனால்தான். மாப்பிள்ளையின் தாய் ஆதிபாவின் வீட்டுச் சுவரெல்லாம் கிராஸ் ஸ்டிச் மயில்கள். இந்த வீட்டு ரோஜாவைக் கண்டதும், "நம்மளப் போல ஊசி பிடிக்கிற குடும்பம்" என்று அன்றைக்கே நாள் குறித்துவிட்டார். பொய் சொல்கிறவர்களின் வாசற்படி மிதிக்காதவர் என்றும் அவருக்குப் பெயர்.

"சுகமில்லண்டு சொல்லுங்களேன்."

"சுகமில்லண்டா சூப்போட வருவா."

வேறு வழியில்லை. அலவி பழைய தலையணை உறையொன்றைக் கிழித்தார்.

"நல்லாக் கேளுங்க. சின்னத் துணிய பெரிய துணிக்கு மேல வெச்சி, நாலு கரையிலயும் நூல் ஓட்டணும். பெரிய துணிய வளையத்துல இறுக்கினா நடுவுல சின்னது ஆடாம நிக்கும். பொறகு வளையத்தத் திருப்பி, பின்னால இருக்கிற பெரிய துணிய மட்டும் வெட்டி எடுக்கணும். முன்பக்கம் கத்தரி படவே கூடாது. விளங்குதா?"

"இதுல என்ன விளங்க இரிக்கி?"

பலீலா சோபாவில் அமர்ந்து, மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

"இந்தா பாருங்க! அசையவே இல்ல!"

அசையவில்லைதான். இரண்டு துணிகளையும் சேர்த்துத் தான் போட்டிருந்த கவுணோடு தைத்திருந்தாள். அவசரமாக அலவி நூலை வெட்டப்போய்க் கவுணிலும் ஓட்டை விழுந்தது. உடுப்பு மாற்றி வந்தவளின் வலது கையைப் பிடித்து, விரல் மூன்றுக்கும் சேர்த்துப் பெரிதாகக் கட்டுப் போட்டுவிட்டார்.

"வெட்டுப்பட்டிட்டெண்டு சொல்லுங்க. தைக்கச் சொல்ல மாட்டாங்க."

மணி அடித்தது. ஆதிபா வந்தார். பின்னால் இனிப்பு வட்டிலாப்பச் சட்டியோடு அவருடைய கணவர் ஷிப்லி. ஸலாம் சொல்வதோடு அன்றைய பேச்சை முடித்துக்கொள்ளும் மனிதர். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அல்லாவே! கைக்கு என்ன மதினி?"

"இறச்சி வெட்டக்குள்ள கத்தி பட்டிட்டு."

"பாவமே! சரி, நீங்க வாயால சொல்லுங்க. நான் செய்றேன்."

இதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அலவி ஆதிபாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து கையால் காட்டக் காட்ட, பலீலா சொன்னாள். துணிக்கு மேல் துணி வைப்பது சரியாக வந்தது. கரை ஓட்டுவதும் ஒருவாறு வந்தது. ஆதிபா மீன் முள்ளைத் தூக்குவதுபோல் ஊசியைத் தூக்கியது அலவிக்கு வினோதமாகப்பட்டது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. வளையத்தை இறுக்கியாயிற்று.

அலவி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டி, இரண்டு விரலைக் கத்தரியாக்கினார்.

பலீலா கத்தரியை மட்டும் கண்டாள்.

"இப்ப நடுவால வெட்டுங்க, மதினி."

"நடுவாலயா?"

"ஓ. தைரியமா வெட்டுங்க."

வேண்டாம் என்று அலவி தலையைப் பலமாக ஆட்டினார். பலீலாவும் அதே வேகத்தில் தலையாட்டி, "நல்லா ஆழமா" என்றாள். கத்தரி வாயைத் திறந்தது.

"வெட்டாதீங்க!"

பாய்ந்துபோய் வளையத்தைப் பறித்தார் அலவி. திருப்பினார். பின்துணியை ஒரு நூல் பிசகாமல் சதுரமாக வெட்டி எடுத்தார். ஊசி கோர்த்தார். யாரும் கேட்காமலே 'நி'யின் முதல் மூன்று தையலைப் போட்டும்விட்டார். பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார்.

"இவர்... நான் தைக்கக்குள்ள பக்கத்துல இருந்து பார்க்கிற" என்றாள் பலீலா.

ஆதிபா வளையத்தைப் பார்த்தார். அலவியின் விரல்களைப் பார்த்தார். எழுந்து, "தண்ணி குடிக்கணும்" என்று குசினிப் பக்கம் நடந்தார். பலீலா பின்னால் ஓடினாள்.

சம்பந்தம் போயிற்று என்று அலவிக்கு நிச்சயமாகிவிட்டது. மகளிடம் என்ன சொல்வது? ஊசிப் பைத்தியத்தால் கல்யாணம் நின்றதென்றா?

அப்போது ஷிப்லி எழுந்து வந்தார். குசினிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். வளையத்தை இரண்டு கையாலும் வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், இன்னொருக்கா மெதுவாக் காட்டுங்களேன். எங்கட சுவர் மயிலெல்லாம் தைச்சி முடிச்ச எனக்கு இந்தச் சின்னத் துண்டு மட்டும் அடங்குதில்ல. இவவ அனுப்பினா பிழையாக் கேட்டுக்கொண்டு வருவாண்டுதான் நானும் கூட வந்தேன்."