கெல்லர் அம்மாவுக்கு அடித்த மேளம்

கலியாண வீட்டுக்குப் போகாவிட்டால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம். செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் தப்பவே முடியாது. எங்கள் சனத்தின் எழுதாத சட்டம் இது. கலியாணத்துக்கு வராதவரை அடுத்த கலியாணத்தில் மன்னித்துவிடுவார்கள். சாவுக்கு வராதவரின் பெயர் அவர் சாகும்வரை அடிபடும். சுவிசுக்கு வந்த இத்தனை வருடத்தில் இங்கே நடந்த ஒரு செத்த வீட்டையும் நான் தவறவிட்டதில்லை. ஒரேயொரு முறை மட்டும், சாவே நடக்காத இடத்துக்குப் போய், பெட்டியைக் கட்டிப்பிடித்து, ஒப்பாரி வைத்து, முன்பின் தெரியாத நாற்பது பேரை அழவைத்துவிட்டு வந்தேன். (சிரிக்கிறதை வையுங்கோ, மிச்சத்தைக் கேளுங்கோ.)

நான் ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே மேல்மாடி அறையில் இருந்தவர் கெல்லர் அம்மா. கட்டில் தலைமாட்டில் ஒரு மணிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எங்கள் அறையில் வெளிச்சம் எரியும். மற்றவர்கள் அவசரத்துக்கு அழுத்துவார்கள். கெல்லர் அம்மா எல்லாவற்றுக்கும் அழுத்துவார். தேத்தண்ணி ஆறிவிட்டது, திரைச்சீலை கோணலாக நிற்கிறது, பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுகிறார், கால் உளைகிறது. கால் உளைவுக்கு நான் தமிழ்க் கடைத் தைலத்தைப் பூசிவிடுவேன். அது ரயில்வே ஸ்டேஷன் மாதிரி மணக்கிறது என்று ஏசுவார். பூசாவிட்டால் அதைவிட ஏசுவார்.

என்னுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் செத்தபோது எனக்குப் பயண அனுமதி இல்லை. செத்த வீட்டை போனில்தான் பார்த்தேன். பறை அடித்தார்கள், எனக்கு அது யாரோ பேனையால் மேசையைத் தட்டுவதுபோல் டிக் டிக் என்று கேட்டது. அழுகை வரவில்லை. அடுத்த நாள் தைலம் பூசும்போது கெல்லர் அம்மா என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். எங்கள் ஆட்கள் எப்படி அழுவார்கள் என்று கேட்டார். பெட்டியைக் கட்டிப்பிடித்து, செத்தவரின் குணமெல்லாம் சொல்லிப் பாட்டாக அழுவோம் என்றேன்.

“எங்கடை ஆக்கள் செத்த வீட்டிலை மூக்கைக்கூடச் சத்தமாச் சீறமாட்டினம்” என்றார். “எனக்கு ஆர் வரப்போகினம்? நீ வா. வந்து உங்கடை மாதிரி ஒருக்கா அழுதுவிடு.” (சொன்னது சுவிஸ் டொச்சில்தான், அதாவது இந்த ஊர் ஜெர்மனில். என் காதில் விழும்போது யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது.)

ஓம் என்று சொல்லிவிட்டேன். கார்த்திகை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். உறவென்று தங்கச்சியின் பிள்ளை, ஒரு பெறாமகள் மட்டும். வேலையிடத்தில் எல்லோருக்கும் முறை வேலை இருந்ததால், எல்லோர் சார்பிலும் மலர்வளையத்தைக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் சண்டை வீட்டில் உடுப்பால் வந்தது. செத்த வீட்டுக்கு வெள்ளை என்றார் என் கணவர். சுவிஸ்காரருக்குக் கறுப்பு என்றேன் நான். கறுப்பு உடுத்துக்கொண்டு காரில் ஏறினால் கார் பழுதாகும் என்றார். (கார் ஏற்கெனவே பழுது.) கடைசியில் சிநேகிதி ஒருத்தியிடம் கறுப்புப் பட்டுச் சீலை ஒன்றை இரவல் வாங்கினேன். ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கரை. கண்ணுக்கு மை போட்டேன், கொண்டையை அவிழ்த்துத் தலைமயிரைப் பின்னால் விட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஓல்டன் பக்கத்துப் பனிப்புகாரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகல் ஒரு மணிக்குக் காரின் மூக்கு தெரியவில்லை. மலையடிவாரக் கிராமம், இடுகாட்டோடு இருக்கும் சிற்றாலயம் என்று சொல்லியிருந்தார்கள். இடுகாட்டின் மேல் ஓரத்தில் ஒரு பழைய கல் ஆலயம் புகாருக்குள்ளால் மெல்லத் தெரிந்தது. கீழ் ஓரத்தில் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள் என்பதை அந்தப் புகாரில் கடவுளாலும் கண்டிருக்க முடியாது. “நான் காருக்குள்ளை இருக்கிறன், நீர் போட்டு வாரும்” என்று கணவர் சீட்டைச் சரித்துக்கொண்டார்.

கதவில் கறுப்புக் கரை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. மரண அறிவித்தல்தானே என்று வாசிக்காமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முழுக்க மெழுகுதிரி. முழுக்கக் கறுப்பு உடுப்பு. சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளிறிய முகங்கள், கண்ணைச் சுற்றி மை கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கதைக்கவில்லை. ஆர் வரப்போகினம் என்று கேட்ட மனிசிக்கு இவ்வளவு சனமா? சுவிஸ்காரர் அழமாட்டார்கள் என்று யார் சொன்னது?

முறைப்படி ஒவ்வொருவராகக் கைகொடுத்து, “மைன் பைலைட்” என்று அனுதாபம் சொல்லிக்கொண்டு போனேன். அவர்களும் தலையைக் குனிந்து மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். கறுப்புச் சொண்டுச் சாயம் பூசிய ஒரு பெட்டை என் சீலைக் கரையைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு அழகான உடுப்பைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று குசுகுசுத்தாள். துக்கத்திலும் சிலருக்குப் புத்தி உடுப்பிலேதான் என்று நினைத்தேன்.

முன்னால், மேடை மாதிரி உயர்த்திய இடத்தில் பெட்டி இருந்தது. நல்ல பழைய கறுப்புப் பெட்டி. எரித்துச் சாம்பலைக் கலசத்தில் வைப்பதாகத்தான் கேள்விப்பட்டிருந்தேன். கடைசி நேரத்தில் மாற்றியிருப்பார்கள் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் நீளக் கறுப்புக் கோட்டோடு ஒரு நெடிய மனிதர் தலைகுனிந்து நின்றார். கெல்லர் அம்மாவுக்கு மகன் இருப்பதாக ஒருநாளும் சொன்னதில்லை. (எந்தக் குடும்பத்திலைதான் இல்லாத கதை?) அவருக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே கைகொடுத்தேன். அவர் தன் பெயர் ரேத்தோ என்றார். கழுத்தில் கிற்றார் தொங்கியது. அம்மாவுக்காக வாசிக்கப் போகிறார் என்று உருகிப்போனேன்.

அப்போது மேளம் தொடங்கியது.

அதை எப்படிச் சொல்ல? தாளத்தட்டுச் சத்தம் துளியும் இல்லை. வயிறு பெருத்த மேளங்கள் மட்டும், ஒரே கதியில், விடாமல். அதற்கு மேல் ரேத்தோவின் தடித்த தந்திகள், பாட்டை அவைதான் பாடின. அவர் கையில் இருந்தது பேஸ் கிற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மற்றக் கிற்றார் பாட்டுக்கே வரவில்லை. கதவிடுக்கால் காற்று ஊதுவதுபோல் தூரத்தில் அலைந்தது. பிறகு ஒரு ஆண்குரல் நிலத்துக்கு அடியில் இருந்து வருவதுபோல் எழும்பியது. அந்த ஆலயத்தின் கல்லெல்லாம் அதிர்ந்தது. போனில் டிக் டிக் என்று கேட்ட பறை இப்போது என் அடிவயிற்றில் அடித்தது. அம்மாவின் செத்த வீட்டுச் சத்தம் இவ்வளவு காலம் பிந்தி அங்கே என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் விம்மத் தொடங்கிய அதே நேரம் பெட்டி மூடியின் இடுக்கால் வெள்ளைப் புகை வந்தது.

ஐயோ, இஞ்சையே எரிக்கப் போயினமோ! வேறொன்றும் யோசிக்கவில்லை. மலர்வளையத்தோடு மேடையில் பாய்ந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

“மணியடிச்சு மணியடிச்சு என்னைக் கூப்பிட்ட அம்மா,
காலுக்குத் தைலம் பூச ஆரைக் கூப்பிடுவாய்,
ஆறின தேத்தண்ணிக்கு ஆரைப்போய் ஏசுவாய்,
வந்து நிக்கிறன் அம்மா, ஒருக்கா மணியடிக்க மாட்டாயோ!”

பாடகர் வாயை மூடிவிட்டார். மேளக்காரர் நிறுத்தவில்லை. ரேத்தோவின் தந்தி மட்டும் என் குரலைத் தேடிப் பிடித்து, அதன் அடியில் மெல்லமாக நடந்து வந்தது. நான் கெல்லர் அம்மாவுக்கு அழுதேனா, என் அம்மாவுக்கு அழுதேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத்தான் அழுதிருப்பேன். பின்னால் அந்தக் கறுப்புக் கூட்டத்தில் மூக்குச் சீறும் சத்தம் கேட்டது. கடைசி வரியை மறுபடி இழுத்தேன். ஒருக்கா மணியடிக்க மாட்டாயோ.

எங்கோ புகாருக்குள் மணி அடித்தது.

மேளம் நின்றது. ஒரு முறை, இரண்டு முறை, கொஞ்சம் இடைவெளி, பிறகு இன்னொன்று. எல்லோரும் மேலே பார்த்தார்கள். இந்த ஆலயத்தின் மணியைக் கழற்றிக் கனகாலம் என்று ரேத்தோ மெல்லச் சொன்னார். பூசிய வெள்ளைக்கு மேலால் அவர் முகம் இன்னும் வெளுத்தது.

கதவு திறந்தது. என் கணவர்.

“இஞ்சாரும், மணி அடிச்சுப்போட்டுது. பிழையான இடத்திலை நிக்கிறீர்” என்றார். ஒதுங்குவதற்காகக் கீழே போனவர் அங்கே இன்னொரு மண்டபத்தைக் கண்டிருக்கிறார். “கெல்லர் எண்டு அங்கைதான் எழுதிக் கிடக்கு. பாதிரியாரும் ஒரு மனிசியும் மட்டும்தான் நிக்கினம். வேறை ஒரு சனமும் இல்லை.”

நான் கட்டிப்பிடித்திருந்த பெட்டியைப் பார்த்தேன். “அப்ப இது ஆர்?”

ரேத்தோ மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னதாக ஒரு மிஷின் இருந்து புகை கக்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை அங்கே கச்சேரி; கதவில் ஒட்டியிருந்த தாளும் அதன் விளம்பரம்தான். இவர்கள் ஒத்திகை பார்க்க வந்த இசைக்குழுவும், தூரத்தில் இருந்து வேளைக்கே வந்த ரசிகர்களும். அழுது வழிந்த கண்களெல்லாம் வீட்டில் ஒரு மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால் இருந்து வழியவிட்டவை. அந்த இடத்தில் நிலம் பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

ஆனால் வெட்கத்தைவிட இன்னொன்று நெஞ்சைக் குத்தியது. ஆர் வரப்போகினம் என்று அவர் கேட்டது அப்படியே பலித்துவிட்டது. நான் ஒருத்தி வருவதாகச் சொன்னேன், நானும் வேறெங்கோ நின்று அழுது முடித்துவிட்டேன். திக்கித் திக்கி டொச்சில் இதையெல்லாம் சொன்னேன். அந்த மனிசியிடம் ஒருவரும் இல்லை என்று சொன்னேன்.

ரேத்தோ கிற்றாரைக் கழற்றி வைத்தார். “நாங்கள் இருவது வருசமாச் சாவைப் பாடுறம்” என்றார். “எங்களிலை முக்கால்வாசிப் பேர் ஒரு செத்த வீட்டுக்கும் போனதில்லை.” பிறகு திரும்பித் தன் ஆட்களிடம் மெழுகுதிரிகளை எடுக்கச் சொன்னார்.

இடுகாட்டுச் சரிவில் இறங்கும்போது, என் வெட்கத்தைத் தணிக்கவோ என்னவோ, ரேத்தோ தங்கள் இசையின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் தொடங்கியதாம். அதற்குச் சற்று முன்னால் பங்க் என்று ஒரு கூட்டம் கத்தித் தீர்த்தது. கத்திக் களைத்த பிள்ளைகள் சிலர், தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த குளிர் நகரங்களில், அந்தக் கோபத்தை மெதுவாக்கி இருட்டாக்கினார்கள். பாட்டைப் பேஸ் கிற்றாரிடம் கொடுத்தார்கள், மற்றக் கிற்றாரை எதிரொலிக்குள் மிதக்கவிட்டார்கள், அடிமேளத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். கோதிக் என்ற பெயர் பத்திரிகைக்காரர் பழைய கூர்க்கோபுர ஆலயங்களையும் பேய்க்கதைகளையும் நினைத்து, பாதி நக்கலாக ஒட்டியது; அதுவே நிலைத்துவிட்டது. (எங்கடை ஊரிலை பட்டப்பெயர் நிலைக்கிறமாதிரித்தான்.) அடிமேளமும் அழுகையும் எங்கள் செத்த வீட்டில் அதற்கு எவ்வளவோ காலம் முந்தியே இருக்கிறது என்றேன். ரேத்தோ நின்று அதை போனில் எழுதிக்கொண்டார்.

கீழே மண்டப வாசலில் நின்ற பாதிரியாரின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புகாருக்குள் இருந்து முதலில் மெழுகுதிரிகள் வந்தன. பிறகு விரித்த தலையும் கரைந்த மையுமாகக் கறுப்புச் சீலையில் ஒரு பெண், கையில் மலர்வளையம். பின்னால் வெள்ளை முகத்தோடு நாற்பது பேர். கடைசியில், நான் வெள்ளை உடுத்தாததற்காக இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருந்த என் கணவர். பாதிரியாரின் கையில் இருந்த புத்தகம் விழுந்தது. பெறாமகள் சாம்பல் கலசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நீங்கள் எல்லோரும் யார் என்று பாதிரியார் கேட்டார்.

“கெல்லர் அம்மான்ரை ஆக்கள்” என்றார் ரேத்தோ.

கதிரைகள் போதவில்லை. பாதிப் பேர் சுவரோடு நின்றார்கள். பாதிரியார் நடுங்கிய குரலில் தொடங்கி, போகப்போக உற்சாகமாகிவிட்டார். அவ்வளவு சனத்தை அவர் பண்டிகை நாளிலும் கண்டிருக்கமாட்டார். கலசத்தை மண்ணுக்குள் இறக்கும்போது நான் மறுபடி, இந்த முறை மெல்லமாக, அந்த நாலு வரியையும் சொன்னேன். பெறாமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக மூக்குச் சீறினார். வாக்கு நிறைவேறியது என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகும்போது, நல்ல நேரத்தில் மணி அடித்தீர்கள், இல்லாவிட்டால் தவறவிட்டிருப்போம் என்று பாதிரியாருக்கு நன்றி சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இந்தப் புது மண்டபத்துக்கு மணியே இல்லையாம்.

அந்த ஒத்திகையை இசைக்குழு பதிவு செய்திருந்தது. என்னிடம் கேட்டுத்தான் ஒரு பாட்டின் தொடக்கத்தில் என் ஒப்பாரியைச் சேர்த்தார்கள். கடைசி வரிக்குப் பிறகு அந்த மணியும் துல்லியமாகக் கேட்கிறது. இசைத்தட்டின் அட்டைப்படத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நான். அதைப் பார்த்துவிட்டு பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒரு அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். இப்போதும் நான் செத்த வீட்டுக்குச் சீலை உடுத்தினால், “அம்மா, பெட்டிக்குள்ளை ஆள் கிடக்கோ எண்டு பாத்திட்டு அழுங்கோ” என்று மகள் வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறாள்.

மணியைப் பற்றிய வழக்கு மட்டும் வீட்டில் முடியவில்லை. அது மேய்ச்சலில் நின்ற மாட்டின் கழுத்து மணி என்பது என் கணவரின் கட்சி. அந்தக் குளிரில் எந்த மாடு வெளியில் நின்றது என்பது என் கட்சி.

போன கிழமை பகல் வேலையில் நின்றபோது, எங்கள் அறையில் மேல்மாடி வெளிச்சம் எரிந்தது. கெல்லர் அம்மாவின் அறை. அவருக்குப் பிறகு அங்கே இருந்தவர் வேறு இடத்துக்கு மாறிப்போய்விட்டார், புது ஆள் இன்னும் வரவில்லை. உடனே கணவருக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

“போய்ப் பாரும், மாடாயிருக்கும்” என்றார்.

வைத்துவிட்டு மேலே போனேன். தைலப் போத்தலையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.