தொங்கிப் பார்த்து வாங்கவும்

"வலிக்குதா?" என்று கேட்டாள் விபெகே.

எஸ்பென் அவளுடைய கடை உத்தரத்திலிருந்து, தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் புது பெல்ட், கையில் காபி. இடது கால் மரத்துப்போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வலிக்கிறது என்றால் ஒரு தொல்லை, இல்லை என்றால் அதைவிடப் பெரிய தொல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

"வலிக்குதான்னு யாராவது யோசிச்சா சொல்லுவாங்க?"

மூலையில் ஒரு நீளப் பெட்டியின் மேல் குதிரைப் போர்வையை விரித்து உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்த பிரெபென் செருமினார். அறுபது தாண்டிய கடைச் சிப்பந்தி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கொஞ்ச நாளாக இடத்தை விட்டு எழுந்திருப்பதையும் நிறுத்திவிட்டார்.

எஸ்பெனுக்கு நாற்பத்தேழு வயது. சில்கெபோர் ஏரிக்கரையில் அவன் ஏறாத மரம் கிடையாது. மணல் அடைத்த சின்னப் பையை நூலில் கட்டி வீசினால், நாற்பது அடி உயரக் கவட்டையில் ஒரே வீச்சில் போய் விழும். நூலைப் பிடித்துக்கொண்டு கயிறு போகும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவன் போவான். மேலே போனபிறகுதான் கஷ்டம். அங்கிருந்து ஊரின் சமையலறைகள் எல்லாம் தெரியும். மேசைகளில் இரண்டிரண்டு கோப்பைகள் இருக்கும். மனைவி பிரிந்துபோய் நான்கு வருடம் ஆகியும் அந்தக் கோப்பைகளை அவனால் பார்க்க முடியவில்லை. அதனால் ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கிளை வெட்டினான்.

மார்ச் மாதம் பழைய பெல்ட் நைந்துபோனது. மரமேறுகிறவனுக்கு அதுதான் நாற்காலி. இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றிப் பிடித்து, நாள் முழுக்க அவனை அந்தரத்தில் உட்கார வைத்திருப்பது அதுதான். புதிது வாங்க, கயிறும் பெல்ட்டும் விற்கும் விபெகேயின் கடைக்கு வந்தான். வாசலிலேயே பலகை எழுதி மாட்டியிருந்தாள்: தொங்கிப் பார்த்து வாங்கவும்.

"நிக்கும்போது எல்லா பெல்ட்டும் சுகமாத்தான் இருக்கும். தொங்கினாத்தான் அதோட குணம் தெரியும். கல்யாணம் மாதிரி" என்றாள் விபெகே. "எனக்கு ஆன ஒண்ணை வெச்சுத்தான் சொல்றேன். கால் மணி நேரம் தொங்குங்க."

தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். கயிற்றை இழுத்தாள். அவன் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர் வந்தன. காபி கொடுத்தாள், தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். நான்கு வருடமாக யாரிடமும் பேசாததையெல்லாம் எஸ்பென் அந்தக் கால் மணி நேரத்தில் பேசித் தீர்த்தான். அவள் சிரித்தபோது, இந்தக் கயிறு அறுந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

பெல்ட் தாய்மடியாக இருந்தது. அதுதான் வினை. நல்ல பெல்ட் ஐந்தாறு வருடம் உழைக்கும். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போக ஒரு காரணமும் இருக்காது.

பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் பெல்ட்டோடு போய் நின்றான்.

"வலிக்குது."

"எங்க?"

அதை அவன் யோசித்து வரவில்லை. "பொதுவா" என்றான்.

விபெகே பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "பொதுவா வலிக்குதுன்னா மாத்திட வேண்டியதுதான். வாங்க, தொங்குங்க."

இரண்டாவது பெல்ட் நிஜமாகவே தொடையைக் கடித்தது. பொய்க்குக் கடவுள் கையோடு கூலி கொடுத்துவிட்டார் என்று எஸ்பென் நினைத்தான். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். இப்போது சொல்வதற்கு உண்மையான வலி இருந்தது. போய் மாற்றினான். மூன்றாவது இடுப்பெலும்பைப் பதம் பார்த்தது. நான்காவது முதுகைப் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம், ஒரு காபி.

மே மாதம் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வேலை. அரை மணிக்கு ஒருமுறை இறங்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். ஒருநாள் இறங்கியவன் முட்டி மடங்கி மரத்தடியிலேயே மண்டியிட்டுவிட்டான். அந்தப் பக்கம் வந்த பாதிரியார் மனம் நெகிழ்ந்து பக்கத்தில் தானும் மண்டியிட்டார். வேறு வழியில்லாமல் எஸ்பென் பத்து நிமிடம் பிரார்த்தனை செய்தான். விபெகேயைத்தான் கேட்டான்.

கீழே கயிறு பிடிக்கும் கார்ஸ்டென் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மாப்ளே, நாலு பெல்ட் மாத்தியாச்சு. இனி இடுப்பைத்தான் மாத்தணும்."

"உனக்கென்னடா, கீழ நிக்கிறவன்."

"எண்பதடி மரத்துல ஏறத் தெரியுது. ஒரு பொம்பளைகிட்ட, காபி சாப்பிட வாங்கன்னு கூப்பிடத் தெரியல. தூ!"

அந்தச் சூட்டோடு கடைக்குப் போனான். எங்கே வலிக்கிறது என்று காட்ட, நான்காவது பெல்ட்டிலேயே உத்தரத்தில் தொங்கிக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை..."

"ஞாயித்துக்கிழமை?" விபெகே ஓரடி முன்னால் வந்தாள்.

"...கடை உண்டா?"

"கிடையாது."

"நல்லது" என்றான் எஸ்பென். அந்த நல்லதை நினைத்து வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டான். கடையை விட்டுக் கிளம்பும் முன், உடம்பாவது பிழைக்கட்டும் என்று, "அந்த முதல் பெல்ட்டையே திரும்பக் குடுத்துடுங்களேன்" என்றும் கேட்டுப் பார்த்தான்.

"அதை வித்துட்டேனே" என்றாள் அவள்.

யாரோ ஒரு பாவி தன் தாய்மடியில் உட்கார்ந்து மரம் வெட்டுகிறான் என்று எஸ்பென் இரண்டு நாள் துக்கம் கொண்டாடினான்.

இப்போது உத்தரத்தில் தொங்குகிறவன் இடுப்பில் இருப்பது ஐந்தாவது.

"எஸ்பென்" என்று கோப்பையைக் கீழே வைத்தாள் விபெகே. "போன வாரம் கல்லறைத் தோட்டம் வழியா போனேன். நீங்க நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு கேக்கல. ஆர்ஹுஸ் டவுன்ல ஒருத்தர் ஆளை அளந்து பெல்ட் தெச்சுத் தர்றாரு. சனிக்கிழமை பத்து மணிக்கு நீங்க வருவீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இனிமே இங்க வந்து கஷ்டப்பட வேணாம்."

எஸ்பென் அவசரமாக நிமிர்ந்தான். "ஐயோ, ஆர்ஹுஸ் எதுக்கு? இதுவே பிரமாதமா இருக்கு! வலியே இல்ல! மெத்தையில படுத்த மாதிரி இருக்கு!" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு இரண்டு கால்களும் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

"நெஜமாவா?"

"சத்தியமா!"

அவள் முகம் வாடியது. "சரி. பெல்ட் அமைஞ்சுபோச்சு. அப்ப... இனிமே வர வேண்டிய வேலையே இல்ல."

இருபத்தைந்து வருடத் தொழிலில் முதல்முறையாக எஸ்பென் நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டியிருந்தான்.

விபெகே கயிற்றைத் தளர்த்தினாள். கால்கள் தரையைத் தொட்டதும் துவண்டன. எஸ்பென் தள்ளாடிப் போய் பிரெபெனின் மடியிலேயே விழுந்தான். அப்போதும் அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கயிறு பின்னும் ஊசியை மட்டும் ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

எஸ்பென் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனான். கதவுப் பிடியில் கை வைத்தான். இதைத் திறந்து வெளியே போனால் இனி ஐந்தாறு வருடம். இவளைப் பார்க்காமல் அத்தனை வருடம் முடியாது, முடியவே முடியாது. எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

"காபி நல்லா இருந்தது" என்றான்.

"சரி" என்றாள் விபெகே. திரும்பிப் பார்க்காமல், இரண்டு கோப்பைகளையும் தேய்த்ததையே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பிரெபென் வாயைத் திறந்தார்.

"ஏம்மா விபெகே, அவருதான் இனிமே வரமாட்டாராமே, இப்பவாவது நான் எந்திரிக்கட்டுமா? வித்துட்டேன்னு நீ சொன்ன அந்த முதல் பெல்ட்டு மேல நாளெல்லாம் உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு!"