மூன்று இடங்களும் ஒரு பசு மாடும்

பொய் சொல்ல நான் பெரிதாகக் கூச்சப்பட்டவன் இல்லை. ஆனால் பொய்யில் எண்ணிக்கை மட்டும் வரக் கூடாது. ‘கொஞ்சம்’, ‘அங்கங்கே’, ‘ஏறக்குறைய’ என்று நான் சொன்ன பொய்களெல்லாம் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. எண் போட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது என் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டது.

அறுபதுகளின் கடைசி. திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகத் துறை டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலை. ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடும்போது பிரின்சிபால் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் நிரந்தரம். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்த என் தாய்மாமன், தன் மகள் வசந்தாவை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. “ஆர்டரு கைக்கு வரட்டும்பா. அப்பால நாளு பாக்கலாம்.” அந்த ஆர்டருக்காகக் கல்லூரியில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன். (நாற்காலி தூக்கினேன். ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேஷம்கூடக் கட்டினேன். அது வேறு அவமானம்.)

மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை எங்கள் ஹாலில் ஒரு சொற்பொழிவும், அது முடிந்ததும் ஒரு படமும் உண்டு. வெளியாரும் வரலாம். படம் இருந்ததால்தான் சொற்பொழிவுக்குக் கூட்டம் வந்தது. வெளிநாட்டுப் படப்பெட்டி மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும். வெளிநாட்டுப் படம் என்றால் முத்தம் கித்தம் இருக்குமே, அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். புரொஜக்டர் பக்கத்தில் ஓர் ஆசிரியர் அட்டையோடு நிற்பார். ‘அந்த’ இடம் வந்ததும் லென்ஸுக்கு முன்னால் அட்டையைப் பிடிப்பார். திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் கேட்கும். இடம் தாண்டியதும் அட்டையை எடுத்துவிடுவார். இதற்காக அவர் முன்கூட்டியே படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்து, எந்த ரீலில் எத்தனை இடம் என்று பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிப்ரவரியில் அட்டை என் கைக்கு வந்தது.

படப்பெட்டி சனிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறு காலை லேபில் உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். ஆனால் அன்று காலை நண்பன் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான். சோழவரத்தில் கார் பந்தயம். “ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்” என்றான். திரும்பும்போது மாலை மணி ஆறு. காது இரண்டும் இரைந்துகொண்டிருந்தன, முகமெல்லாம் புழுதி. நாளைக் காலை சீக்கிரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் போனால், எனக்கு முன்னால் பிரின்சிபால் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் கணிதப் பேராசிரியர். எதையும் எண்ணித்தான் பேசுவார்.

“படம் பார்த்தாச்சா, தணிகாசலம்?”

“பார்த்தாச்சு சார்.”

“எத்தனை இடம்?”

இல்லவே இல்லை என்றால் நம்ப மாட்டார். ஒன்று என்றால் அரைகுறையாகப் பார்த்தேன் என்று நினைப்பார். ஐந்து என்றால் படத்தையே நிறுத்திவிடுவார். பெட்டியில் இருந்ததும் மூன்று ரீல். மூன்று கௌரவமான எண்ணாகத் தெரிந்தது.

“மூணு சார். ரீலுக்கு ஒண்ணு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “மூணா?”

“மூணேதான் சார்.” (அந்த ‘ஏ’ எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று பகல் முழுவதும் எனக்கு வகுப்பு. படத்தின் பெயரைத் தவிர எதுவும் தெரியாமலே மாலை வந்துவிட்டது.

ஹாலில் நிற்க இடமில்லை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். முன்வரிசையில் கல்லூரித் தாளாளர், அவர் மனைவி, பிரின்சிபால், அன்றைய பேச்சாளர். பேச்சாளர் ஓய்வுபெற்ற நீதிபதி. தலைப்பு, ‘திரைப்படமும் இளைஞர் ஒழுக்கமும்’. என் போதாத காலம், மனிதர் தலைப்பை விட்டு விலகவே இல்லை. “ஒரே ஒரு காட்சி போதும், ஒரு தலைமுறை கெட்டுப்போக!” என்று மேஜையைத் தட்டினார். ஒரு மணி நேரம் தட்டினார்.

விளக்கை அணைத்தார்கள். முன்வரிசைக்கு முன்னால் ஓர் ஓரமாக வைத்திருந்த புரொஜக்டரை ஓட்டியவன் எங்கள் லேப் அட்டெண்டர் ஏழுமலை. முன்பு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன்.

“இன்னா சார், இப்பிடி வேர்க்குது? உங்களாண்ட ஒண்ணு சொல்லணும் சார்.”

“படம் முடியட்டும் ஏழுமலை.”

“முடிஞ்சப்பறம் சொல்லி இன்னா சார் பிரயோசனம்?”

“வாயை மூடு.”

படம் ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. புருஷன் யுத்தத்துக்குப் போய்விட்டான். பெண்டாட்டி உழுகிறாள், ரொட்டி சுடுகிறாள், கடிதம் எழுதுகிறாள். கெட்டது எதுவும் வருவதாகக் காணோம். நான் அட்டையைப் பிடித்தபடி அவள் யாரையாவது கட்டிப்பிடிக்க மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். பிரின்சிபால் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். முதல் ரீல் தீரப் போகிறது, இன்னும் ஒரு விரல் கனம்தான் பாக்கி. திரையில் அவள் ஒரு பசுவின் பக்கத்தில் பால் கறக்க உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

இருட்டு. இருட்டில் சர், சர் என்று பால் பீச்சும் சத்தம். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

“சார், எங்க ஊட்ல ஆறு மாடு கீது சார்! இனிமே கண்ண மூடிக்கினுதான் கறக்கணுமா?”

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஏழுமலை பதறிப்போய் என் முழங்கையைப் பிடித்தான். “சார், அது மாடு சார்!”

“எனக்குத் தெரியும்டா!”

முன்வரிசையில் நீதிபதி பிரின்சிபாலின் காதில் ஏதோ கேட்டார். நான் அட்டையை விலக்கியதும் பிரின்சிபால் காகிதத்தை எடுத்து, திரை வெளிச்சத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டார். இன்னும் இரண்டு டிக் பாக்கி என்பது எனக்கு உறைத்தது.

இரண்டாவது ரீலில் ஒரு கிழவர் சாகக் கிடந்தார். மகன் அவர் நெற்றியை நோக்கிக் குனிந்தான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று மறைத்தேன். இருட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. தாளாளரின் மனைவி, “ஐயையோ, பெரியவர் இருக்காரா போயிட்டாரா?” என்று உரக்கவே கேட்டார். நான் அட்டையை எடுத்தபோது குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது டிக்.

மூன்றாவது ரீல் தொடங்கியதும் காத்திருக்கவில்லை. ஒரு தபால்காரர் தண்ணீர் குடித்தார், மறைத்தேன். மூன்றாவது டிக் விழுந்தது. பிரின்சிபால் காகிதத்தை மடித்துப் பையில் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

“இப்ப சொல்லு ஏழுமலை. என்னமோ சொல்லணும்னியே?”

“இன்னும் வரல சார்.”

“எது?”

“அந்த எடம்.” மோவாயால் திரையைக் காட்டினான். “தோ, வருது பாருங்க.”

ரயில் வந்து நின்றது. புருஷன் இறங்கினான். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். எதற்காக ஓடி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து அட்டையைத் தேடினேன். அது பெஞ்சுக்கு அடியில் எங்கேயோ சறுக்கிப் போயிருந்தது. உள்ளங்கையால் லென்ஸை மூடியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். (இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லையே!) நான் என்ன செய்தேன் என்றால், புரொஜக்டருக்கு நாலடி முன்னால் ஓடிப்போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

திரை முழுக்க என் நிழல். அவர்கள் இருவரும் என் வெள்ளை டெரிலின் சட்டைக்கு வந்துவிட்டார்கள். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. முதலில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். “டேய், சாரு சட்டையில ஓடுதுடோய்!” மொத்த ஹாலும் திரும்பியது. விசில் பறந்தது. நீதிபதி நன்றாகத் தெரிய வேண்டும் என்று எழுந்தே நின்றார். நான் குனிந்து என் மார்பைப் பார்த்தேன். முடிகிற பாடில்லை. யுத்தம் முடிந்து வந்தவன் இல்லையா, அவசரப்படவில்லை.

மறுநாள் காலை பிரின்சிபால் அறை. மேஜைமேல் அந்தக் காகிதம்.

“மூணுன்னு எழுதினீங்க. நாலு மறைச்சீங்க.”

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சோழவரத்திலிருந்து தபால்காரர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தா முகம் நினைவுக்கு வந்தது. அழுதுவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். “நீதிபதி வர்றாரேன்னு சனிக்கிழமையே நான் படத்தைப் பார்த்துட்டேன், தணிகாசலம். ஏழுமலைதான் போட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். எனக்குக் கிடைச்சது ஒரே இடம். நீங்க மூணுன்னதும் ஆடிப்போயிட்டேன். வயசாச்சே, நடுவுல ரெண்டு தடவை தூங்கிட்டோம் போலிருக்குன்னு. அந்த மாட்டை மறைச்சப்பகூட, நமக்குத் தெரியாத விஷயம் ஏதோ அதுல இருக்குன்னுதான்யா டிக் போட்டேன்!”

பிறகு, “இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாவே இருங்க” என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு ஊத்துக்கோட்டைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். “ஒரு மாட்ட மறைச்சதுக்காடா வேல போச்சு?”

“போகலை மாமா. தள்ளிப் போயிருக்கு.”

“பேஜாராப் போச்சு. நான் வேற எடம் பாத்துக்கறேன். நீ போய்க்கினே இரு.”

செருப்பை மாட்டினேன். அப்போது உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. “ஒரு வருசம்தான நைனா? இருக்கட்டும்.” மாமா திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் எதிரில் அவள் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. சற்றுப் பொறுத்து, சிரிப்பை அடக்க முடியாமல் என்னைக் கேட்டாள். “அந்த மாடு இன்னா பாவம் பண்ணிச்சின்னு மறைச்சீங்க?” அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து வருஷம் தற்காலிகமாக இருந்திருப்பேன்.

ஆர்டர் வந்தது, கல்யாணமும் நடந்தது. இப்போது எங்கள் வீட்டு டிவியில் முத்தக் காட்சி வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. மாடு வந்தால்தான் வசந்தா, “எல்லாரும் கண்ண மூடுங்க!” என்று குரல் கொடுப்பாள், குடும்பமே கண்ணைப் பொத்திக்கொள்ளும். எதற்கு என்று எங்கள் நாலு வயதுப் பேத்திக்கு யாரும் சொல்லவில்லை. போன வாரம் அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். எதிரே ஒரு பசு வந்தது. குழந்தை என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி, இரண்டு கையையும் விரித்து மாட்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

“தாத்தா, பாக்காத!”