வகுபடாத விண்ணப்பம்

உலகம் தோன்றிய நாள் முதல் கணக்கில்லாத எண்கள் இருந்து வருகின்றன. ஆனால் ஓர் அலுவலகமே எழுந்து நின்று கைதட்டிய பெருமை 73939133 என்ற எண்ணுக்கு மட்டுமே உண்டு. தையல்காரரின் மனைவி எழுதிக் கொடுத்தனுப்பிய விண்ணப்பத்துக்கு அந்த எண் விழுந்தது அவர்கள் செய்த பாக்கியம்.

விண்ணப்பம் என்னவோ அற்பமானதுதான். குடியிருப்பில் லிஃப்ட் ஓடி எட்டு மாதமாகிறது. இடுப்பெலும்பு முறிந்த அந்த அம்மாள் அன்றிலிருந்து ஐந்தாம் மாடியை விட்டு இறங்கவில்லை.

"மண்ண மிதிச்சு எட்டு மாசமாச்சு. என்னன்னு போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்று அவள் நச்சரிக்க, தையல்காரர் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் குடியிருப்பு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

அங்கே பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்ணப்ப எண்ணை எந்தப் பிரிவின் எண் மீதியில்லாமல் வகுக்கிறதோ, அந்தப் பிரிவுதான் அதைக் கவனிக்கும். இரண்டு முதல் ஒன்பது வரை எட்டுப் பிரிவுகள்.

குமாஸ்தா வகுத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி வகுத்தார். முகம் மலர்ந்தது.

"இது பகா எண்ணுங்க! ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது."

"அப்ப ஒண்ணாம் பிரிவுக்குக் குடுங்களேன்?"

"ஒண்ணாம் பிரிவு இயக்குநரோடது. அது எல்லாத்தையும் வகுக்கும். அதனால எதையும் எடுத்துக்காது."

தையல்காரரும் விடாக்கண்டர். "கடைசியில கொஞ்சம் நறுக்கிப் பாருங்க. சட்டை உக்காரலைன்னா நாங்க அப்படித்தான் செய்வோம்."

குமாஸ்தா கடைசி இலக்கத்தைக் கையால் மறைத்தார். மிச்சம் 7393913. பகா எண். இன்னொன்றை மறைத்தார். அதுவும் பகா எண். 73939, 7393, 739 என்று மறைக்க மறைக்கப் பகா எண்ணாகவே வந்தது. கடைசியில் வெறும் ஏழு நின்றதும் தையல்காரர் துள்ளினார்.

"ஏழாம் பிரிவு!"

ஏழாம் பிரிவுக்காரர் நாற்காலியோடு பின்வாங்கினார். "முதல்ல கையை எடுங்க சார்!"

கையை எடுத்தார்கள். ஏழு கோடிச் சொச்சமும் திரும்பி வந்துவிட்டது.

செய்தி இயக்குநருக்கு எட்டியது. வாலை எத்தனை தடவை வெட்டினாலும் குணம் மாறாத எண்! உடனே 'அரிய எண் பாதுகாப்புக் குழு' அமைந்தது. எண் மட்டும் தெரியும்படி விண்ணப்பத்தை மடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூட்ட அறையில் மாட்டினார்கள். பாராட்டு விழாவுக்கு விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி என்றும் முடிவானது.

விழாவில் இயக்குநர் முக்கால் மணி நேரம் உருகினார். பிறகுதான் முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அந்தம்மா வரலையா? எவ்வளவு பெரிய கௌரவம்!"

"லிஃப்ட் ஓடலைங்க. அவளால படி இறங்க முடியாது."

"அடடா! இதை முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கலாமே?"

தையல்காரர் விருட்டென்று எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டினார்.

"எழுதித்தான் சார் குடுத்தா. நீங்க மடிச்சு உள்ள வச்ச பாகத்துல இருக்கு."